காளான் காய்ந்த அடுப்பு

காளானை வெயிலில் காயவைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. மணம் போய்விடும். அறுபது டிகிரி சீரான சூடு வேண்டும். அதற்கு ஆய்வகத்து உலர்த்தும் அடுப்புதான் சரி. ப்ராக் நகரத்து ஆய்வகங்களில் செப்டம்பர் வந்தால் திங்கட்கிழமைகளில் காட்டு வாசனை அடிக்கும். விசாரிக்கிற நீங்களும் காளான் பொறுக்கப் போகிறவர்தான். இதைக் குற்றமாக எழுதிக்கொள்ள மாட்டீர்கள்.

ராடோவனும் நானும் ஒன்றாகப் படித்து, ஒரே பொருளில் வேலை செய்தோம். பார்வைக்கு உப்பு போன்ற வெள்ளைப் பொடி. உள்ளே போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்து கட்டிய கூண்டுகள், நடுவே சோடியம் அயனிகள். சாதாரணச் சூட்டில் கூண்டுகள் முடங்கிக் கிடக்கும், அயனிகளுக்கு வழியில்லை. நன்றாகச் சூடேற்றினால் ஒவ்வொரு கூண்டும் இருந்த இடத்திலேயே சுழலும். அப்போது அயனிகள் ஓடும், திடப்பொருளிலேயே மின்சாரம் பாயும். சூடேற்றாமல் சுழலவைப்பவருக்குத் தீப்பிடிக்காத பேட்டரி கிடைக்கும். ஓய்வுபெறப் போகும் ஒட்டாகரின் தலைமைப் பதவியும், ஆற்றைப் பார்த்த அவருடைய அறையும் கிடைக்கும். எனக்கு அந்த அறைமேல் ஆசை இருந்ததில்லை.

இந்தப் பொடியிடம் ஒரு குணம் உண்டு. துளி ஈரம் பட்டாலும் மின்சாரம் தாராளமாகப் பாயும், கூண்டுகள் சுழல்வது போலவே. அதனால் பொடியை வைத்து அழுத்தும் பீங்கான் வளையத்தை அடுப்பில் நன்றாகக் காயவைப்போம். வளையமும் காளானும் ஒன்றாக உள்ளே போகக் கூடாது. எழுதாத விதி, எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் மாலை ராடோவன் கீழ்த்தட்டில் வளையத்தை வைத்துவிட்டுப் போனதைக் கவனிக்காமல், மேல்தட்டில் காளானைப் பரப்பிவிட்டேன். காலையில் அவன் வருமுன் காளானை எடுத்துவிட்டேன். மதியம் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தான்.

"மிலாதா! ஆயிரம் மடங்குடி! சூடே பண்ணல, ஓடுது பாரு!"

"திரும்பச் செஞ்சு பாரு. ஒரு தடவைய நம்பாதே."

"வயித்தெரிச்சலா?"

"ஆமா, எரியுது. உக்காரு, சூப் ஆறுது."

காளான் சூப். இரண்டு கிண்ணம் குடித்தான். அவன் குடிக்கும்போதே, ஓடியது காளானின் ஈரத்தால் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவன் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அவன் திரும்பச் செய்தபோதும் காளான் வைத்தேன். அதற்கடுத்த முறையும். உறைபனி விழுந்து காளான் தீர்ந்தபோது ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். இன்னொருவரின் மகிழ்ச்சியைக் காப்பாற்றுவது சிரமமான வேலை.

ப்ர்னோ கருத்தரங்கில், கூண்டுகள் குளிரிலும் சுழல்கின்றன என்று அறிவித்தான். கைதட்டல் அடங்கியதும் நான் கை தூக்கினேன். யாரும் எதுவும் கேட்காவிட்டால் பேசியவருக்கு மரியாதைக் குறைவு.

"வளையத்த எங்க காயவச்சீங்க, டாக்டர்?"

"நம்ம அடுப்புலதான். என்னமோ தெரியாத மாதிரி கேக்குறே!"

"காளான் காயுதே, அதுலயா?"

அரங்கமே சிரித்தது. அங்கிருந்த எல்லோருடைய ஆய்வகத்திலும் அப்படி ஓர் அடுப்பு உண்டு, விளக்க வேண்டியிருக்கவில்லை. ராடோவனும் சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இப்போது ஒலொமோட்ஸ் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறான். பிள்ளைகள் அவனைக் காளான் என்று கூப்பிடுகிறார்களாம். பாசம்தான்.

அடுப்பில் கிடைத்த கிண்ணம் என்னுடையது. மறுக்கவில்லை. ஆனால் நான் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை, கவனியுங்கள். சற்றுச் சுழன்றேன். ஓடியவன் அவன்.

ஆற்றைப் பார்த்த அந்த அறையில், இப்போது என் அறையில், தொங்கும் திரைச்சீலையைப் பற்றியும் கேட்டீர்கள். நானே தைத்தது. ஆனால் ஜன்னலை அளந்தது அந்த ஆண்டு ஏப்ரலிலேயே. காட்டில் அப்போது ஒரு காளான்கூட முளைத்திருக்காது; ஆகவே இரண்டுக்கும் சம்பந்தமில்லை.