இன்னும் ஓடவில்லை

மழையில் உப்பளங்கள் மூழ்கிக் கிடந்த ஒரு காலையில், மரக்காணத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"பதில் தெரியும்க்கா. சொல்லத்தான் மனசு வரலை," என்றாள் இளையவள்.

"யாருக்கு?"

"யாருன்னே தெரியாது. உப்பளம் வேலை நின்னதும் வீடியோ பார்த்து கோடிங் கத்துக்க ஆரம்பிச்சேன்ல? அது பழைய வீடியோ. அதுல இருக்கிற மாதிரியே அடிச்சாலும் எரர்தான் வருது, புரோகிராம் ஓட மாட்டேங்குது. கீழ கமெண்ட்ல கேட்டேன். ரெண்டு மாசமா ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. போன வாரம் யாரோ ஒருத்தங்க வந்து, எனக்கும் இதே எரர்னு போட்டாங்க. அன்னிலேர்ந்து தெனமும் பேசிக்கிறோம்."

"என்ன பேசுவீங்க?"

"இன்னிக்கும் ஓடலைன்னு நான் போடுவேன். எனக்கும்தான்னு அவங்க போடுவாங்க."

"இப்ப உனக்கு ஓடிடுச்சா?"

"முந்தாநேத்தே ஓடிடுச்சு."

"அப்ப சொல்லிடேன், பாவம்."

"சொல்லிட்டா அடுத்த வீடியோவுக்குப் போயிடுவாங்கக்கா."

ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் நின்ற பாத்திகள் முடிந்தன. இளையவள் போனை எடுத்து எதையோ அடித்தாள்.

"சொல்லிட்டியா?"

"இன்னிக்கும் ஓடலைன்னு போட்டேன்."