உள்ளங்கை எந்தப் பக்கம்?

பேருந்தை ஓட்டிய கைகளால் இன்று இந்தப் பேரவையை ஓட்டிக்கொண்டிருக்கும் தலைவர் அம்மா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் நிர்வாகப் பெருமக்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! தையல் எந்திரத்தை மிதித்து மிதித்து இந்தச் சேமிப்புச் சங்கத்தைத் தூக்கி நிறுத்திய தாய்மார்களே! கடைசி வரிசையில் நின்றபடி, "இந்தம்மா எப்ப முடிக்கும்?" என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். என் குரலைத்தான் தெரியாது. தொலைக்காட்சித் திரையின் கீழ் மூலையில், தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் நின்று, காது கேளாதவர்களுக்குச் சைகையால் செய்தி சொல்கிறாளே ஒருத்தி, அவள் நான்தான். ஆமாம் அம்மா, நேரில் கொஞ்சம் பெரிதாகத்தான் இருப்பேன்! பல வருடமாக வாய் திறக்காமல் வேலை பார்த்தவளிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டீர்கள். இனி "சுருக்கமாகப் பேசு" என்றால் நடக்குமா?

இன்று உங்கள் முன் நிற்பது ஒரே ஒரு கேள்வி. ஒரு மனிதர் இந்தச் சங்கத்தில் சேர மனுப் போட்டிருக்கிறார். சேர்ப்பதா, வேண்டாமா? கைதூக்கி நீங்கள்தான் சொல்ல வேண்டும். யார் அந்த மனிதர்? அதோ, மூன்றாம் வரிசையில், இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் இடிமுழக்கம். கூச்சல் வேண்டாம், கூச்சல் வேண்டாம்! என்ன அண்ணே, தூண் ஓரத்திலிருந்து ஏதோ சொல்கிறீர்கள்? "அந்த ஆளால என் மச்சினி வரிசையில நின்னு மயங்கி விழுந்தா!" விழுந்தார்கள். உண்மை. அதை மறைக்க நான் வரவில்லை. அந்த வரிசை எப்படி வந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இடிமுழக்கம் பிறக்கும்போதே தொலைக்காட்சியில் பிறந்தவரா? இல்லை. பங்குச் சந்தையில் வளர்ந்தவர். கணினி வருவதற்கு முன்னே சந்தை என்பது ஒரு பெரிய கூடம். நூறு பேர் நின்று ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தக் கத்தலில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? அதனால் கையால் பேசினார்கள். உள்ளங்கை தன்னைப் பார்த்தால் "எடுத்தேன்", அதாவது வாங்கிவிட்டேன். உள்ளங்கை வெளியே பார்த்தால் "கொடுத்தேன்", அதாவது விற்றுவிட்டேன். அங்கே எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை, கையேதான் எழுத்து! காட்டிய கையை மறுக்க முடியாது. தவறாகக் காட்டிவிட்டால்? மாலை மணி அடிப்பதற்குள், அந்தப் பேரத்தைத் தன் தலையில் ஏற்று, நட்டமோ கஷ்டமோ, முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அதுதான் அந்தக் கூடத்துச் சட்டம்.

கணினி வந்தது, கூடம் மூடியது, தொலைக்காட்சி அழைத்தது. சந்தை நிலவரம் சொல்ல வந்தவர், சகல நிலவரமும் சொல்ல ஆரம்பித்தார். பாலம் கட்டுவதா? பேசுவார். பாடத்திட்டமா? பேசுவார். பக்கத்து நாட்டுப் படையா? நாற்காலியில் இருந்தபடியே படையெடுப்பார்! எதிரே உட்கார்ந்த பேராசிரியர் ஒருவர் சட்டையில் மாட்டிய ஒலிவாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்தார். இவர் அவர் குவளைத் தண்ணீரையும் எடுத்துக் குடித்துவிட்டு மிச்ச நேரத்தையும் பேசினார். இன்று ஒன்று, நாளை ஒன்று. "நேற்று நீங்கள் வேறு மாதிரி சொன்னீர்களே?" என்று கேட்டால், "நானா?" என்பார். சந்தையில் ஒரு விரலுக்கும் விலை உண்டு. இங்கே வாய்க்கு வாடகைகூட இல்லை. பாவம், மனிதர் கெட்டுப்போனார். மூன்றாம் வரிசை சிரிக்கிறது, அவருக்கே தெரியும்.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன். நம் சங்கத்துக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். வாசலில் ஒரு அட்டை: "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது." ஐயா, "வெள்ளையடிக்கிறோம்" என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் மை தீர்ந்துவிடுமா? செயலாளர் தலையைக் குனிய வேண்டாம், போகட்டும். அட்டையைப் பார்த்த ஊர் அவலை மெல்ல ஆரம்பித்தது. "சங்கம் ஆடுதாமே!"

அன்றைய நிகழ்ச்சியில் கேள்வி வந்தது. இடிமுழக்கம் என்ன செய்தார் தெரியுமா? வாழ்க்கையிலேயே அதிசயமாக, பேசுவதற்கு முன் படித்துவிட்டு வந்திருந்தார்! நம் சங்கத்துக் கணக்கு முழுவதையும் படித்துவிட்டு, நேரலையில் சொன்னார்: "சங்கம் கல்லு மாதிரி இருக்கு. யாரும் பதறாதீங்க. இருங்க, இருங்க." அப்படிச் சொன்னபோது, நீங்களும் நானும் செய்வது போல, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி அமர்த்தினார். உள்ளங்கை எந்தப் பக்கம்? வெளியே!

தேநீர்க் கடையில் பழைய சந்தைக்காரர்கள் நாலு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "பாத்தியாடா! வாயால இருங்கன்றான், கையால கொடுத்துட்டு வெளியேறுன்றான்!" "சேனல்காரன் வாயைக் கட்டிட்டான்டா. நம்ம ஆளு கையால சொல்றான்." அவ்வளவுதான். விடிவதற்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. வாய் பொய், கை மெய்!

காலையில் வரிசை சங்க வாசலில் தொடங்கி, தெருமுனை திரும்பி, முடிதிருத்தகத்தைத் தாண்டி நின்றது. எல்லோருக்கும் போட்டது உடனே வேண்டும். கல்லாயிருந்தாலும், ஆளுக்கொரு சுத்தியல் எடுத்தால் என்ன மிஞ்சும்? தாய்மார்களே, உங்கள் தையல் எந்திரத்துக்குக் கடன் கொடுத்த சங்கம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கை கொடுத்த சங்கம். அது ஒரு கையசைவில் கவிழப் பார்த்தது!

நான் உங்களை ஒன்று கேட்கிறேன். அவர் வாய் சொன்னதை யாராவது நம்பியிருந்தால், அவர் கையை யார் பார்த்திருப்பார்கள்? தினம் தினம் கத்திக் கத்தி வாயின் மதிப்பைக் கரைத்தவர், ஒரே ஒரு நாள் உண்மை சொன்னார். அன்று வாங்க ஆளில்லை. அதுதான் ஐயா அவருக்குக் கிடைத்த தண்டனை. அதைவிடப் பெரிய தண்டனையை இந்தப் பொதுக்குழு கொடுத்துவிட முடியுமா?

அன்று மாலை ஒப்பனை அறை. நிகழ்ச்சி மேலாளர் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். "சார், வரிசையை நேரலையில காட்டுறோம்! நீங்க ஒண்ணும் விளக்க வேண்டாம். மர்மமா இருக்கட்டும்." இவர் பவுடர் பூசிய முகத்தோடு எழுந்தார். "தப்பான பேரத்தை அன்னன்னிக்கே முடிக்கணும் தம்பி. நாளைக்குன்னு வெச்சா அது நம்மள முடிச்சிடும்." மேலாளர் சிரித்தார். "மன்னிப்பு கேட்டீங்கன்னா மைக்கை நிறுத்திடுவேன் சார்."

அவர் போனதும் இவர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, 'தப்பு என்னோடது'ன்னு கையால எப்படிச் சொல்றது?" காட்டினேன். செய்தார். "ஐயோ, அது 'என் சட்டை தொலைஞ்சுபோச்சு'ன்னு ஆயிடுச்சு" என்றேன். மறுபடி செய்தார். இந்தத் தடவை சட்டையைத் தொலைத்தது நான் என்று வந்தது! சிரிக்காதீர்கள், அந்த மனிதர் விடாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். எத்தனையோ பேரை வாயால் நடுங்க வைத்தவர், இரண்டு சொல்லைக் கையில் தாங்க முடியாமல் தவித்தார்.

நேரலை தொடங்கியது. "நேத்து நான் ஒரு..." அவ்வளவுதான், ஒலியை அடைத்துவிட்டார்கள். ஆனால் பெரிய கட்டத்தை அடைத்தவர்கள் சின்னக் கட்டத்தை மறந்தார்கள்! அவருக்கு ஆறடி தள்ளி நிற்கிறேன், அவர் குரல் நேராகவே கேட்கிறது. எனக்கு ஒலிவாங்கி எதற்கு? அவர் சொல்லச் சொல்ல, சொல் பிசகாமல் கையால் சொன்னேன். "சங்கம் நன்றாக இருக்கிறது. தவறு என் கை செய்தது. பழி என்னுடையது." கடைசியில் அவரும் அந்த இரண்டு சொல்லைச் சைகையில் சொன்னார். சட்டை தொலையவில்லை, சரியாகவே வந்தது. பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே இழுத்தார். உள்ளங்கை எந்தப் பக்கம்? உள்ளே! தேநீர்க் கடையில் நாலு பேரும் எழுந்து நின்றார்களாம். "எடுத்துட்டான்டா. தப்பைத் தானே எடுத்துட்டான்!"

அன்றே அவர் வேலை போயிற்று. என்னையும் அழைத்து, "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். "சார் பேசுனாரு, நான் மொழிபெயர்த்தேன். அதுக்குத்தானே சம்பளம்?" என்றேன். இன்றுவரை பதில் வரவில்லை, சம்பளம் வருகிறது.

மறுநாள் காலையில், வரிசையில் நின்ற நம் உறுப்பினர், காது கேளாத தச்சர், எல்லோருக்கும் எதிரே திரும்பிக் கைகளை அசைக்க, அவர் மனைவி அதைக் குரலாக்கினார்: "அந்த ஆளு தப்பு தன்னோடதுன்னு சொல்லிட்டாரு! சங்கம் நல்லா இருக்கு! போய்ப் பொழப்பைப் பாருங்க!" வரிசை கலைந்தது. கலைந்த வரிசையின் கடைசியில் ஒரே ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். யார்? இடிமுழக்கம்! எல்லோரும் எடுக்க வந்த இடத்தில், போட வந்தார். கவுண்டரில் இருந்த நம் தங்கை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உறுப்பினர் இல்லாதவங்க போட முடியாது. மனுக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். அந்த மனுதான் ஐயா, இன்று உங்கள் முன் வந்திருக்கிறது!

நல்லவர் என்று அவரைச் சேர்க்கச் சொல்லவில்லை. வல்லவர் என்றும் சொல்லவில்லை. தப்பை அடுத்தவர் தலையில் கட்ட ஆயிரம் வாய் இருக்கிற காலத்தில், தன் பக்கம் திரும்பிய இரண்டு கைகளுக்காகக் கேட்கிறேன். சம்மதம் என்றால் கை தூக்குங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: உள்ளங்கை உங்களைப் பார்க்கட்டும்!

ஆகா! அம்மா, இரண்டு கையையும் தூக்கினாலும் ஓட்டு ஒன்றுதான். தூண் ஓரத்து அண்ணே, உங்கள் கை தலையைச் சொறிகிறதா, மேலே போகிறதா? சொறிந்துகொண்டே போகிறது! போகட்டும், மச்சினியும் பக்கத்தில் தூக்கியிருக்கிறார். எண்ணுவது தலைவர் அம்மாவின் வேலை. மூன்றாம் வரிசைக்காரரே, இனியாவது பைக்குள்ளிருந்து கையை எடுங்கள்!

பேச இடம் தந்த அவைக்கும், கேட்கக் காது தந்த உங்களுக்கும், காதில்லாமலும் முதலில் கேட்ட தச்சருக்கும் என் நன்றி. ஒலிவாங்கியை வைத்துவிட்டு என் வழக்கப்படி கையாலேயே விடைபெறுகிறேன். இதோ, கூப்பிவிட்டேன். பாருங்கள், இப்போது என் உள்ளங்கை இரண்டும் ஒன்றையொன்று பார்க்கின்றன. இதில் "கொடுத்தேன்" என்பதும் இல்லை, "எடுத்தேன்" என்பதும் இல்லை. வணக்கம்.