மனுசன் சொன்ன பவுல்

வட்டுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் ஒரு வெற்றிக்கிண்ணம்.

“எனக்குப் பவுல் சொன்னது வேறை ஆருமில்லை, என்ரை மனுசன்தான்,” என்றாள். அதன்பிறகு நான் கைபேசியைப் பார்க்கவில்லை.

“என்னடி கதைக்கிறாய்? அவரோ அம்பயர்?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“ஓம். எங்கடை கரம்போட் லீக் பைனலுக்கு வாறனெண்ட அம்பயர் வரேல்லை. இவரைப் பிடிச்சு இருத்தினவை. இனிப் பெஞ்சாதிக்குத்தானே கப் எண்டு பின்னாலை நிண்டு சிரிச்சவை. நான் கடைசிக் காயையும் போட்டிட்டு எழும்பிறன், இவர் பவுலெண்டு கையைத் தூக்கிறார். அடிக்கேக்கை என்ரை காப்பு எனக்கெதிரா விளையாடினவளின்ரை காயிலை தட்டுப்பட்டுட்டுதாம்.”

“தட்டினதோ?”

“தட்டினதுதான். எனக்கு மட்டுந்தான் தெரியுமெண்டு நினைச்சன்.”

“பேந்து?”

“போட்ட காயைத் திருப்பிப் பலகையிலை வைச்சாச்சு. அடிக்கிற முறையும் மற்றவளுக்குப் போயிட்டுது. அவளுக்கும் ஒரு காய்தான் மிச்சம். அவள் அடிச்சது ஓட்டை விளிம்பிலை பட்டுத் திரும்பீட்டுது. நான் காப்பைக் கழட்டி இவரின்ரை கையிலை குடுத்திட்டு அடிச்சன். காய் நேரை உள்ளுக்கை!”

“மனுசனிலை கோவம் வரேல்லையோ?”

“பத்திக்கொண்டுதான் வந்தது. ஆனால் யோசிச்சுப் பார். அவர் அப்ப பேசாமல் இருந்திருந்தால் இது அவர் தந்த கப். இப்ப இது நான் வெண்ட கப்.”