மெட்டில்டாவுக்குக் கொடுத்த குதிரை

மழை வலுத்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் காரை முதலில் பல்லாவரம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம், மேடம். ஏரியைத் திறந்தால் ஆறு தெருவுக்குள் வந்துவிடும்; அனகாபுத்தூரில் ஆற்றோரம் வீடு கட்டியவன் வேறென்ன செய்வான்? நானும் அன்று காலையிலேயே நிறுத்திவிட்டு, ஆட்டோவில் திரும்பி வந்து காபி போட்டுக் குடித்தேன்.

நான் மாடி. கீழே ஷ்யாம்சுந்தர் தனியாகக் குடியிருந்தார். என் மனைவி சரிதா போன பிறகு, நான் சாப்பிட்டேனா என்று தினமும் கேட்டவர் அவர் ஒருவர்தான். பொழுது போகட்டும் என்று என் போனில் செஸ் ஏற்றிக் கொடுத்ததும் அவரே.

அதில் மெட்டில்டா பழக்கமானாள். கூடுவாஞ்சேரியில் டீச்சராம். ஆடிக்கொண்டே எழுதிப் பேசுவோம். சரிதாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, ஆபீசில் வேலை என்று நான் பொய் சொன்னதை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷ்யாம் புது ஆட்டம் ஒன்று சொல்லிக்கொடுத்தார். தொடக்கத்திலேயே ஒரு சிப்பாய்க்காகக் குதிரையை வெட்டுக் கொடுத்துவிட வேண்டும். "எதிர்ல இருக்கறவங்க மிரண்டுடுவாங்க சார், தைரியமா ஆடுங்க" என்றார்.

மெட்டில்டாவை அசத்த நினைத்து ஆடினேன். அவள் மிரளவில்லை. குதிரையை எடுத்துக்கொண்டு, சற்று நேரத்தில் என் ராஜாவையும் மடக்கிவிட்டாள். மறுநாள் அந்த ஆட்டம் காலனி வாட்ஸ்அப்பில் சுற்றியது. 'லக்ஷ்மிநாராயணன் சாரின் குதிரை தானம்' என்று தலைப்பு வேறு. பால் பூத்தில்கூடச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் அவள்மேல் கோபம் வரவில்லை.

மழையன்று கரண்ட் போனது. என் வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறது. முட்டி ஆபரேஷன் ஆகி வாக்கரில் நடந்துகொண்டிருந்த ஷ்யாம், கீழிருந்து போனை நீட்டினார்.

"சார்ஜ் போட்டு வைங்க சார். ஏரியைத் திறந்துட்டாங்கன்னு மெசேஜ் வந்தா ஒரு குரல் குடுங்க. மாத்திரை போட்டுப் படுக்கறேன்."

சரி என்றேன். மேலே வந்து, இன்னொரு ஆட்டம் ஆடலாமா என்று மெட்டில்டாவுக்கு அழைப்பு அனுப்பினேன். என் பக்கத்திலிருந்த ஷ்யாமின் போன் மணியடித்தது. திரையில் என் பெயர். 'மெட்டில்டா, லக்ஷ்மிநாராயணன் உங்களை ஆட அழைக்கிறார்' என்றிருந்தது.

இத்தனை நாள் மெட்டில்டாவாக என்னோடு ஆடியது ஷ்யாம்தான். தோற்ற ஆட்டத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். அந்தக் குதிரைப் பலி அடியோடு தப்பு, சரியாக ஆடத் தெரிந்தவரிடம் எடுபடாது என்று போனில் இருக்கும் செஸ் கம்ப்யூட்டரே காட்டியது. தெரிந்தேதான் சொல்லிக்கொடுத்து, காலனி வாட்ஸ்அப்பிலும் விட்டிருக்கிறார். சரிதா விஷயத்தையும் சிரித்துக்கொண்டேதான் படித்திருப்பார்.

ஏரியைத் திறந்துவிட்டதாக மத்தியானம் செய்தி வந்தது. படித்தேன். பிறகு இறங்கிப்போய், மாடிப்படியின் அடியில், மேலே ஏறும் வழியில் இருக்கும் கிரில் கேட்டைப் பூட்டினேன். திருட்டுப் பயத்தில் நாங்கள் வழக்கமாகப் பூட்டுவதுதான்.

தெருவில் தண்ணீர் ஏறியதும் கேட் ஆடும் சத்தம் கேட்டது.

"சார், கேட் பூட்டியிருக்கு சார். தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் குதிரையைக் கொடுக்காமல் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல ஆட்டம் அது. ஜெயித்திருப்பேன். அதைக் கடைசிவரை ஆடிப் பார்த்து முடித்தபோது கீழே சத்தம் இல்லை.

அவரை நான் தொடக்கூட இல்லை. வேண்டுமென்றே கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன், அதில் தகராறு கிடையாது. ஒரே ஒரு உதவி. நீங்கள் எடுத்து வைத்திருக்கிற ஷ்யாமின் போன் அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்றும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். மெட்டில்டா என்னிடம் ஒருநாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.