நாற்பது மீட்டருக்குள் ஒரு ஜன்னல்

ஒரு வீட்டின் இருட்டுக்கு மாதம் மூவாயிரம் என்று விலை சொன்னேன். அது முதல் விலைதான். கொஞ்சம் இழுத்துப் பிடித்திருந்தால் ஐயாயிரம் வரை ஏறியிருப்பேன். அந்த அம்மாவுக்குப் பேரம் பேச வரவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தேநீர் வேண்டாம், ஆடை படிந்துவிட்டது. பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

நான் துணி வியாபாரி. கடையின் மொட்டைமாடியில் இருபதடி அகலத்துக்கு டிஜிட்டல் பலகை வைத்திருக்கிறேன். அதற்கு உங்கள் நகராட்சி போட்ட விதிகளை உங்களைவிட நன்றாகப் படித்தவன் நான். ஒரு படம் பத்து நொடியாவது அசையாமல் நிற்க வேண்டும். மின்னக் கூடாது. நாற்பது மீட்டருக்குள் ஆள் குடியிருக்கும் வீடு இருந்தால், ஏழு மணிக்கு மேல் வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறைக்க வேண்டும். அந்த வீட்டார் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தாலோ, வீடு காலியாக இருந்தாலோ குறைக்க வேண்டியதில்லை. விளம்பரம் கொடுப்பவர்கள் கேட்பதே ஏழிலிருந்து பத்து மணி வரைதான். கால்வாசி வெளிச்சத்துக்குக் கால்வாசிப் பணம்தான் தருவார்கள்.

எதிர்க் கட்டிடம் முழுக்க அலுவலகங்கள். மூன்றாம் மாடியில் மட்டும் ஒரு வீடு. பல் மருத்துவரிடம் சீட்டு எழுதுகிற ஒரு பெண்மணியும் அவருடைய பதினொரு வயது மகளும் இருந்தார்கள். உங்கள் ஆள் நாடா பிடித்து அளந்தார். முப்பத்தெட்டு மீட்டர். இரண்டு மீட்டர்தான் குறைச்சல். என் கடையில் இரண்டு மீட்டரைத் துண்டுத்துணி என்று மூலையில் வீசிவிடுவோம்.

நேரில் போய், மாதம் மூவாயிரம் தருகிறேன், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று பேசினேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"பணத்துக்காக இல்லண்ணே. பாப்பாவுக்கு வலிப்பு இருக்கு. ராத்திரி தூக்கம் கெட்டா வரும். அதைவிட மோசம், பளிச்சுனு கோடு கோடா எதைப் பார்த்தாலும் வந்துரும். ஜன்னல் கம்பியெல்லாம் எடுத்துட்டுக் கண்ணாடி போட்டிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். கம்பி இருந்த இடத்தில் சிமென்ட் பூசிய தழும்புகள் தெரிந்தன. அந்தப் பெண் மூலையில் கோடு போடாத நோட்டில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வரிகள் எல்லாம் சரிந்து சரிந்து இறங்கின.

"மாமா, போன வாரம் உங்க போர்டுல ஒரு பூனை வந்துச்சே, மறுபடி எப்ப வரும்?" என்றாள்.

"வரும்மா," என்றேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அருவருப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் பேச்சு வரும் முன்பே பேரம் வந்துவிடும். துணியில் எங்கே கிழிசல் என்று எதிராளிக்குக் காட்டக் கூடாது என்பதுதான் முதல் பாடம். இந்த அம்மா கிழிசலை விரித்து, விளக்கில் பிடித்து, விரலையும் விட்டுக் காட்டுகிறார். யாருக்கு? வாங்க வந்தவனுக்கு.

அடுத்த வாரம் அவரே கடைக்கு வந்தார். ஜன்னலுக்குத் தடித்த துணி வேண்டுமாம்.

"வெளிச்சம் உள்ள வராதேண்ணே? பாப்பாவுக்குக் கோடும் ஆகாது, பளிச்சுனு வந்தாலும் ஆகாது."

"சூரியனே வந்தாலும் வாசல்லயே நிக்கணும்மா."

நல்ல சரக்கைத்தான் கொடுத்தேன். நான் ஏமாற்றிப் பிழைக்கிறவன் இல்லை. அவர் கையில் நூற்றிருபது ரூபாய் குறைந்தது. சம்பளம் வந்ததும் தருவதாகச் சொன்னார். சரி என்றேன்.

அந்தத் துணி தொங்கினால் உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் போகாது. அதனால்தான் பூனை தேவைப்பட்டது.

பலகையை இயக்குவது என் மனைவியின் அண்ணன். காலையில் பலகையில் கருகிச் செத்த பூச்சிகளை முறத்தில் அள்ளுவதும் அவர்தான். அந்த வாடை பட்ட கையோடு என் வீட்டில் சாப்பிட உட்கார்வார். சகித்துக்கொண்டு இருந்தேன். அவரிடம் இரண்டு படங்களைக் கொடுத்தேன். ஆறு மணியிலிருந்து ஆறரை வரை, பத்து நொடி பூனை, பத்து நொடி கோடு.

"பூனை யாரு விளம்பரம் மாப்ள?"

"யாரும் இல்ல. புள்ளைங்க பார்க்கட்டுமே."

"கோடு?"

"புதுசா வந்த சட்டைத்துணி. கறுப்பு வெள்ளை."

இரண்டு படங்களையும் திரையில் போட்டுப் பார்த்தார். "அந்த மூணாம் மாடிப் பொண்ணுக்குக் கோடு ஆகாதுன்னு அவங்க அம்மா கடையில சொன்னாங்களே."

"கோடு போடக் கூடாதுன்னு ரூல்ல இருக்கா மச்சான்?"

"இல்லதான்," என்றார். வாங்கிக்கொண்டு போனார். இன்று பதிவுக் கோப்பை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்து நல்லவர் ஆகிவிட்டார். அன்று பொத்தானை அமுக்கியது அவர் விரல்தான்.

விதியை எழுதியவர் கோடைக்காலத்தில் எழுதியிருப்பார் போலிருக்கிறது. மழை மாதங்களில் ஆறு மணிக்கே கும்மிருட்டு. ஏழு வரை முழு வெளிச்சத்துக்கு அனுமதி. அந்த அம்மா வேலை முடிந்து வருவது ஆறு நாற்பதுக்கு. அதுவரை பெண் தனியாக இருப்பாள்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள், மொட்டைமாடியில் நின்று பார்த்தேன், திரைத்துணியின் ஓரம் ஒரு சாண் விலகியது. எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன். கோடு வந்ததும் மூடிக்கொண்டாள், கெட்டிக்காரி. மூன்றாம் நாள் பத்து நொடியை விரல்விட்டு எண்ணி, பூனைக்குத் திறப்பதும் கோட்டுக்கு மூடுவதுமாக விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டாள்.

நான்காம் நாள் சில நிமிடம் வழக்கம்போல ஓடவிட்டு, ஒரு கோட்டுக்கு அடுத்தும் பூனைக்குப் பதில் கோட்டையே வைக்கச் சொன்னேன். பூனைதான் என்று பத்து எண்ணிவிட்டுத் திறந்தாள்.

திரைத்துணி கம்பியோடு கழன்று விழுந்தது. அப்போது ஆறு மணி ஏழு நிமிடம். படத்தை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் பதிவில் சந்தேகமாகத் தெரியும். ஜன்னல் வெறும் கண்ணாடியாக இருந்தது, ஆறரை வரை மாறி மாறி அறைக்குள் அடித்தது. வலிப்பு ஒரு தடவை வந்தால் பயந்து வீட்டைக் காலி செய்வார்கள், அவ்வளவுதான் நினைத்தேன் என்று இங்கே சொல்வதாக இருந்தேன். ஆனால் சட்டைப் பையில் போன் இருந்தது. இருபத்து மூன்று நிமிடம் நின்றேன். பிறகு கீழே வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று கூப்பிட்டார்கள், போனேன். நான்தான் கொன்றேன். அதில் உங்களுக்குச் சிரமம் வைக்க மாட்டேன்.

அந்த அம்மா மறுமாதமே காலி செய்துவிட்டார். உங்கள் ஆள் வந்து பூட்டைப் பார்த்து, "வசிப்பவர் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எச்சில் தொட்டுத்தான் பக்கத்தைத் திருப்பினார். எனக்குக் குமட்டியது.

எழுதிக்கொள்ளுங்கள், படித்துச் சரிபார்த்துவிடலாம். ஒரு படத்துக்குப் பத்து நொடி: குறையவில்லை. மின்னியது: இல்லை. ஏழு மணிக்கு முன் முழு வெளிச்சம்: அனுமதி உண்டு. நாற்பது மீட்டருக்குள் குடியிருக்கும் வீடு: இல்லை. திரைத்துணி பாக்கி நூற்றிருபது: கேட்கவில்லை, தள்ளுபடி. பெற்ற வயிறு, பாவம்.