பெர்மனென்ட்

— ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இன்னா லேகா புதுப் புடவை? கம்பெனி பஸ்ஸு கூட இன்னிக்கு கெடையாது.

— வக்கீல் சசிரேகா பதினொரு மணிக்கு வாறா. நேற்றே சொன்னனான்தானே.

— அந்த ஜீவானந்தத்துக்காகவா?

— ஓம். அவரைப் பற்றி வாக்குமூலம் குடுக்கப் போறன்.

— ‘அவரு’! கட்டிக்கினவன் இந்த பென்னலூரு சுப்பிரமணி. என்னை ஒரு தபா இவ்ளோ பதமா சொல்லிக்கிறியா?

— பதினாறு வருசமாக் காணாமல் போன மனுசனோட உங்களுக்கு என்னப்பா போட்டி?

— செத்தவன்னா காரியம் பண்ணி முடிச்சிருக்கலாம். இவன் எப்ப வேணா கதவைத் தட்டுவான். சோத்துல உக்காந்தா நடுவுல அவன் உக்காந்துகினு கீறான். பத்திக்கினு வருது எனக்கு.

— கலியாணத்துக்கு முதலே எல்லாம் சொன்னனான். எனக்கு நிச்சயம் பண்ணினவர். முல்லைத்தீவில சண்டை முடிஞ்ச அண்டைக்கு, ஆமிக்காரங்கள் ‘விசாரிச்சுப்போட்டு விடுவம்’ எண்டாங்கள். நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், துவக்கோட நிண்டவங்களிட்ட ஒப்படைச்சனான். பஸ்ஸில ஏத்தினாங்கள். அவ்வளவுதான்.

— அதுக்கு எந்த கோர்ட்டு? காஞ்சிபுரமா?

— ஹேக் எண்டொரு நகரத்தில இருக்கு. சனத்தைக் கூட்டமா அழிச்சவங்களை விசாரிக்க எண்டு துவங்கின நிரந்தர நீதிமன்றம்.

— பெர்மனென்டா?

— ஓம். முந்தி ஒவ்வொரு யுத்தத்துக்கும் ஒண்டு திறப்பினமாம். வழக்கு முடியப் பூட்டுவினமாம்.

— நம்மள மாரி கான்ட்ராக்ட்டு! வேலை முடிஞ்சா கேட்டுக்கு வெளிய. ஒரகடத்துல பதினோரு வருசமா ஒரே லைன்ல நின்னுகினு கீறேன், எனக்குப் பெர்மனென்ட் இல்ல. அவனுக்கு கெடச்சிடுச்சு பாரு.

— கிடைக்கேல்லை. இலங்கை அதில கையெழுத்து வைக்கேல்லை. எங்களுக்கு அந்தக் கதவு திறவாது.

— அப்புறம் எதுக்கு எழுதிக் குடுக்கிற?

— அந்தக் கோர்ட் எல்லா நாட்டுக்கும் செல்லுபடியாக வேணுமெண்டு கேட்டுக்கொண்டிருக்கினம். திறக்கிற அண்டைக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லாமல் போகக் கூடாது. ஆனா...

— இன்னா ஆனா?

— வாக்குமூலத்தில அவரின்ர அங்க அடையாளம் எழுத ஒரு பக்கம் கிடக்கு. ரெண்டு நாளா வெறுமையா வச்சிருக்கிறன். இருந்த ஒரே படமும் அந்தப் பெரிய வெள்ளத்தில போயிட்டுது. எனக்கு அந்த முகம் வருகுதில்லையப்பா.

— நெசமாவா? மறந்துட்டியா?

— சந்தோசமோ உங்களுக்கு?

— பத்து வருசம் முன்ன சொல்லியிருந்தா தெருவுல ஆடியிருப்பேன்... பேனாவ எடு.

— ஏன்?

— எடுன்றேன்ல. இடது புருவத்துல ஒரு வெட்டு, ரெண்டா பிரிஞ்சிருக்கும். வலது காதுல மச்சம். சிரிச்சா ஒரு தெத்துப்பல்லு தெரியும். சட்டையில ரெண்டாவது பட்டன் வேற கலரு. எழுது, இன்னா பாக்குற?

— உங்களுக்கு நான் அந்தப் படத்தை ஒரு நாளும் காட்டேல்லையே.

— நீ ஷிப்டுக்குப் போனதும் தெனம் எடுத்துப் பாப்பேன். அவங்கிட்ட இன்னா கீது, எங்கிட்ட இன்னா இல்லன்னு.

— பிறகு?

— வெள்ளம் நம்ம வூட்டுல முட்டி வரைக்கும்தான் வந்துச்சு லேகா. படம் பரண் மேல இருந்துச்சு. நான்தான் கிழிச்சுத் தண்ணியில வுட்டேன்... வக்கீலம்மாகிட்ட எம்பேரையும் குடுத்துரு. மொத தபா அவனைக் காணாம அடிச்சது அவங்க. ரெண்டாவது தபா நான்.