தொண்ணூத்தெட்டு

ராத்திரி ஏழரை இருக்கும்... மணலியிலிருந்து வியாசர்பாடி வரும் ரோடு. மழை. கரண்ட் இல்லை. வரிசையாக நின்ற டேங்கர் லாரிகளை ஒட்டி ஒரே ஒரு ஆட்டோ. ஓட்டியவன் என் தோஸ்து அறிவு. பின்சீட்டில் அவன் தங்கச்சி எழில்மொழி. அவள் தோளில் சாய்ந்தபடி புருஷன் பீம்ராவ்.

"பேய் எங்கய்யா?" என்கிறீர்களா? டோக்கன் போட்டிருக்கிறது, வரும். கிட்ட வந்து உட்காருங்கள்.

பீம்ராவ் லேத் பட்டறைக்காரன். மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, ஜெனரேட்டரை உள்ளேயே ஓடவிட்டு வேலை பார்த்திருக்கிறான். தலை வெடிக்கிறது என்று வெளியே வந்தவன் விழுந்துவிட்டான். மூச்சு, ஓடிவந்த நாய் மாதிரி. சட்டையெல்லாம் புகை நாற்றம்.

அண்ணனும் தங்கச்சியும் தூக்கிப்போனது ஒரு பெரிய டாக்டரிடம். பெரிய என்றால், மேடைக்கு மேடை பொன்னாடை வாங்கியவர். "நாடி, சூடு, மூச்சு, பிரஷர்... உயிரின் நான்கு தூண்கள்!" என்று முழங்குவார். அன்று ஒரு தூணையும் தொடவில்லை. விரலில் கிளிப்பை மாட்டினார்.

"ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு. என்னைவிட ஜாஸ்தி. வீட்டுக்குப் போம்மா."

"மூச்சைப் பாரு சார். என்னையே யாருன்றாரு..."

"நம்பர் பொய் சொல்லாது. இந்தக் கிளிப்பை வாங்கிக்கோ. தொண்ணூறுக்குக் கீழே எறங்கினா வா."

புகை ரத்தத்தில் ஏறினால் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி அந்தக் கிளிப் ஏமாந்துபோகும் என்று ஒரு நர்ஸ் சொன்னார். பிற்பாடு.

வீடு திரும்பிய ஆட்டோவில் வழியெல்லாம் கிளிப்பின் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள் எழில்மொழி. "தொண்ணூத்தெட்டுதான் கீதுண்ணா... பயமில்ல." புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் இறக்கும்போது அறிவு காலைத் தொட்டான்... ஐஸ். மூச்சே இல்லை. கிளிப்பில் மட்டும் தொண்ணூத்தெட்டு.

மூலக்கொத்தளத்தில் புதைத்தார்கள்.

அதற்கப்புறம் தினமும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தாள். மண்மேட்டின் மேல் உள்ளங்கை. கண் மூடியிருக்கும். கூட்டிவரப் போன அறிவு, "வூட்டுக்கு வா, எழிலு" என்று கெஞ்சியிருக்கிறான்.

"அன்னிக்கி மூச்சைப் பாக்காம வுட்டுட்டேன். இப்போ பாக்கறேன். நீயும் கை வையிண்ணா."

மனசு கேட்காமல் வைத்தான்.

ஈர மண்... ஏறியது. இறங்கியது.

அலறிக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. அழவுமில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாளாம்.

"நேத்தைக்கு இன்னிக்கி நெதானமா கீதுண்ணா... தேறிகினு வராரு."